டிரெயின் பம்ப்பில் பெயர் எடுங்கள்

வாஷிங் மெஷின் சர்வீஸ் வேலையில் சேர நினைக்கிற இளைஞர்கள் முதலில் கேட்பது, "எந்த பிராண்டைக் கத்துக்கணும்?" பிராண்டைப் பிறகு பார்க்கலாம். ஒரு ஃபால்ட்டைக் கையில் எடுங்கள். அதில் உங்களை யாரும் அசைக்க முடியாது என்கிற அளவுக்குத் தேறுங்கள். எதை எடுப்பது என்று கேட்டால் டிரெயின் பம்ப்பைத்தான் சொல்வேன்.

பேரிங் சத்தம் போட்டால் வீட்டுக்காரர் ஆறு மாதம் பொறுத்துக்கொள்வார். தண்ணீர் வெளியேறாவிட்டால் ஒரு நாள் தாங்காது. டிரம் நிறைய அழுக்குத் தண்ணீர், அதில் ஊறுகிற துணி, திறக்காத கதவு. அவர் உடனே மூன்று பேருக்கு வாட்ஸ்அப் அனுப்புவார். யார் முதலில் தெளிவாகப் பதில் சொல்கிறாரோ அவருக்குத்தான் வேலை. பெரிய டூல்ஸ் தேவையில்லை. சரியான பார்ட் கையில் இருந்தால் ஒரே விசிட்டில் முடிகிறது. இன்னொரு காரணம்தான் முக்கியம்: இந்த வேலையைத் தப்பாகச் செய்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர். "தண்ணி போகலையா, பம்ப் போச்சு" என்று வாசலிலேயே தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு நடுவில், சோதித்துவிட்டுப் பேசுகிறவர் தனியாகத் தெரிவார்.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1980-களில் எழுந்த வீவக புளோக்குகள் ஒரு பக்கம், புது பிடிஓ வீடுகள் இன்னொரு பக்கம், எல்லையில் வளர்ந்துகொண்டிருக்கும் தெங்கா. அநேகமாக எல்லா வீட்டிலும் சமையலறையை ஒட்டிய சர்வீஸ் யார்டில் ஒரு மெஷின் இருக்கிறது. ஒரு வீட்டில் நன்றாகச் செய்தால், அந்த புளோக்கின் வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் நம்பர் போய்ச் சேரும். மோசமாகச் செய்தால் அதுவும் அதே குரூப்புக்குத்தான் போகும். சுற்றிலும் எத்தனையோ பேர் இதே வேலைக்கு அலைகிறார்கள். அவர்களை விலையில் முந்தப் பார்க்காதீர்கள். உங்களைவிடக் குறைந்த விலைக்கு வர யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார். டயக்னோஸிஸில் முந்துங்கள்.

1. வீட்டுக்குப் போகும் முன்பே பாதி வேலையை முடியுங்கள்

கஸ்டமரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். மாடல் நம்பர் ஸ்டிக்கரின் போட்டோ. டிஸ்ப்ளேயில் வரும் எரர் கோடின் போட்டோ. டிரெயின் ஆகும் நேரத்தில் மெஷின் பக்கத்தில் போனை வைத்து எடுத்த பத்து விநாடி வீடியோ. வீடியோவில் உங்களுக்கு வேண்டியது படம் அல்ல, சத்தம்.

எரர் கோடுகளை மனப்பாடம் செய்யுங்கள். எல்ஜியில் ஓஇ. சாம்சங்கில் 5இ அல்லது 5சி. பாஷ் மெஷினில் இ18. எலக்ட்ரோலக்ஸில் இ20. பானசோனிக்கில் யு11. போனிலேயே, "ஆண்ட்டி, இது தண்ணி வெளியே போகலைன்னு சொல்ற கோடு, வந்து செக் பண்ணிச் சொல்றேன்" என்று சொன்னால், விலை கேட்காமலே பாதிப் பேர் அப்பாயின்ட்மென்ட் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கோடு பம்ப் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. "இவ்வளவு நேரம் பம்ப்பை ஓட்டினேன், தண்ணீர் மட்டம் இறங்கவில்லை" என்று மட்டும்தான் சொல்கிறது. மட்டத்தைப் பார்ப்பது பிரெஷர் சென்சார். அதற்குப் போகும் மெல்லிய டியூபில் சோப்புக் கசடு அடைத்திருந்தால், டிரம் காலியாக இருக்கும்போதும் இதே கோடு வரலாம். "உள்ளே தண்ணி நிக்குதா?" என்ற கேள்வியைக் கேட்காமல் வேனை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

டாப் லோட் மெஷின் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. நம் பக்கம் விற்கும் டாப் லோட் மாடல்களில் பலவற்றுக்கு பம்ப்பே கிடையாது. அடியில் ஒரு வால்வ், அதை இழுத்துத் திறக்க ஒரு சின்ன டிரெயின் மோட்டார். தண்ணீர் தானாகக் கீழே இறங்கி ஃபுளோர் டிராப்புக்குப் போகிறது. அந்த மெஷினுக்கு பம்ப் எடுத்துக்கொண்டு போனால் வாசலிலேயே மதிப்புப் போய்விடும். மாடல் நம்பரை வைத்து பார்ட்ஸ் டயகிராம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

2. காதைப் பழக்குங்கள்

இந்த ஒரு திறமையில் மற்றவர்களைவிட ஒரு வருடம் முன்னே போகலாம்.

'ம்ம்ம்' என்ற சீரான உறுமல், ஆனால் தண்ணீர் நகரவில்லை: பம்ப்புக்குக் கரன்ட் வருகிறது, அதன் இறக்கையான இம்பெல்லர் சிக்கியிருக்கிறது அல்லது பாதை அடைத்திருக்கிறது. கடகட சத்தம்: உள்ளே காசோ பின்னோ உருள்கிறது, அல்லது இம்பெல்லர் உடைந்து தண்டில் நழுவுகிறது. முழு அமைதி: காயில் அறுந்திருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம், போர்டு கரன்ட் அனுப்பாமல் இருக்கலாம். கொஞ்ச நேரம் ஓடி, நின்று, மறுபடி ஓடுகிறது: பம்ப் சூடேறி அதனுள் இருக்கும் தெர்மல் கட்-அவுட் விழுகிறது என்று சந்தேகப்படுங்கள்.

டிரெயின் ஆரம்பிக்கும் அந்த நொடியில் வீட்டு ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்) விழுகிறது என்று கஸ்டமர் சொன்னால் அது தங்கமான தகவல். பம்ப் காயிலிலோ கனெக்டரிலோ தண்ணீர் ஏறி எர்த்துக்குக் கசிகிறது என்பதற்கான பலமான அறிகுறி. தண்ணீர் சூடாகும் கட்டத்தில் விழுந்தால் ஹீட்டரைப் பாருங்கள். எந்த நிமிடத்தில் விழுந்தது என்று கேட்கிற டெக்னீஷியன்கள் குறைவு. நீங்கள் கேளுங்கள்.

3. வீட்டுக்குள் நுழைவதும் வேலையில் ஒரு பகுதி

காலணியை வாசலில் விடுங்கள். சுத்தமான சாக்ஸ் போடுங்கள். உட்கார ஒரு மேட், இரண்டு பழைய டவல், தட்டையான ட்ரே ஒன்று, அடைப்பு எடுக்கக் கொக்கி, ஹெட்லேம்ப். இவை உங்கள் பையில் இல்லாமல் கஸ்டமரின் சமையலறைத் துணியைக் கேட்டால் இம்ப்ரெஷன் அங்கேயே முடிந்தது.

பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியிடம் மாண்டரினில் இரண்டு வாக்கியமும், மலாய் மக்சிக்கிடம் "பம் ரோசாக்" என்று பம்ப் பழுதைச் சொல்லவும் தெரிந்தால் உங்கள் மார்க்கெட் மூன்று மடங்காகும். தமிழ் வீடுகளை மட்டும் நம்பி இந்த ஊரில் ரிப்பேர் தொழில் செய்ய முடியாது.

மெஷினைத் தொடுவதற்கு முன் இரண்டு போட்டோ எடுங்கள்: மெஷினும் தரையும் இப்போது எப்படி இருக்கின்றன என்று. பக்கவாட்டில் இருந்த கீறலுக்குப் பிறகு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

4. திறக்கும் முன் செய்ய வேண்டியது

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. இங்கே மெயின்ஸ் 230 வோல்ட். இன்வெர்ட்டர் மெஷின் என்றால் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் சுமார் 325 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும். சில நிமிடங்கள் விட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும். சூடான புரோகிராமில் நின்றுபோன மெஷின் என்றால் தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். குழாயை மூடுங்கள்.

புக்கிட் பாத்தோக் போன்ற பழைய பேட்டைகளில் இன்னொன்றையும் பாருங்கள். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் ஆர்சிசிபி இல்லாமல் இருந்திருக்கலாம். 2025 ஜூலை 1-க்குள் எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. டிபி பாக்ஸை ஒரு பார்வை பாருங்கள். இல்லை என்றால் கஸ்டமரிடம் சொல்லுங்கள், நீங்களே பொருத்த முயலாதீர்கள். வீட்டு வயரிங், சாக்கெட், டிபி எல்லாம் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரிக்கல் வொர்க்கரின் வேலை. அந்தக் கோட்டை நீங்களாகவே மதித்துச் சொன்னால் கஸ்டமருக்கு உங்கள் மேல் நம்பிக்கை கூடும். லைசென்ஸ் உள்ள ஒருவரின் நம்பரை வைத்திருந்து அனுப்பிவிடுங்கள். அவர் திருப்பி உங்களுக்கு மெஷின் வேலை அனுப்புவார்.

5. மலிவான காரணத்திலிருந்து ஆரம்பியுங்கள்

ஃபிரண்ட் லோட் மெஷினின் கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். உள்ளே மெல்லிய எமர்ஜென்சி ஹோஸ், பக்கத்தில் திருகும் ஃபில்டர். சில மாடல்களில் ஹோஸ் கிடையாது. அங்கே ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்த வேண்டும். ட்ரேயை வைத்து, நிறைந்ததும் மூடி, ஊற்றி, மறுபடி திறந்து. அவசரப்பட்டு ஒரே திருகில் கழற்றினால் சமையலறை மிதக்கும். தண்ணீர் கீழ் வீட்டுச் சீலிங்குக்கும் இறங்கலாம்.

ஃபில்டரில் என்ன கிடைக்கும்? பத்துக் காசு, முடி, டிஷ்யூ பேப்பர் கூழ், பிராவின் கம்பி, வேலைக்குப் போகிறவரின் பாக்கெட்டிலிருந்து வந்த ஸ்க்ரூ. தமிழ் வீடுகளில் சேலை ஊக்கு அடிக்கடி வரும். ஊக்கு ஃபில்டரில் நிற்காமல் நீளவாக்கில் நழுவி இம்பெல்லருக்குப் போய் இறக்கைக்கும் சுவருக்கும் நடுவில் குத்தி நிற்கும். ஃபில்டரைச் சுத்தம் செய்துவிட்டு ஹெட்லேம்ப்பை உள்ளே அடித்து இம்பெல்லரைப் பாருங்கள். இதைச் செய்யாமல் மூடிவிட்டு, மறுநாள் அதே வீட்டுக்கு ஓடுகிறவர்கள் ஏராளம்.

விரலால் இம்பெல்லரைச் சுற்றிப் பாருங்கள். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். நல்ல பம்ப் சைக்கிள் சக்கரம் மாதிரி வழுவழு என்று சுற்றாது. உள்ளே ரோட்டர் ஒரு நிரந்தரக் காந்தம். அதனால் படிப்படியாக, தட்டித் தட்டித்தான் நகரும். அதோடு, இம்பெல்லர் கொஞ்ச தூரம் சும்மா சுற்றி, பிறகுதான் ரோட்டரைப் பிடிக்கும். அந்த லூஸ் பழுதல்ல, வேண்டுமென்றே வைத்தது. 50 ஹெர்ட்ஸில் அந்தச் சின்ன மோட்டார் எடுத்த எடுப்பில் பாரத்தைத் தூக்க முடியாது. முதலில் ரோட்டர் தனியாக அசைந்து வேகம் பிடித்து, பிறகு இறக்கையை இழுக்கிறது. எந்தப் பக்கம் கிளம்பும் என்பதும் நிச்சயமில்லை. அதனால்தான் இறக்கைகள் வளையாமல் நேராக இருக்கின்றன. இதை ஒரு இன்டர்வியூவில் இரண்டு வாக்கியத்தில் விளக்கிப் பாருங்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் சீனியர் பேனாவைக் கீழே வைப்பார்.

சந்தேகப்பட வேண்டியது வேறு: இம்பெல்லர் சுற்றும்போது காந்தத்தின் தட்டலே இல்லாமல் முழுக்க லூஸாகச் சுற்றினால் தண்டு உடைந்திருக்கிறது. மேலும் கீழும் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் இறுகி நின்றால் ஏதோ சிக்கியிருக்கிறது.

6. ஹோஸையும் டிராப்பையும் விட்டுவிடாதீர்கள்

டிரெயின் ஹோஸைக் கழற்றி, வாயை வைத்து ஊத வேண்டாம். ஒரு மக் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மெஷினைச் சுவரோடு தள்ளியதில் ஹோஸ் மடங்கியிருக்கலாம். ஹோஸ் முனையைத் தரைக் குழாய்க்குள் ஆழமாகத் திணித்திருந்தால் சைஃபன் ஆகித் தண்ணீர் நிற்காமல் வெளியேறும்; மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும், கஸ்டமர் 'பம்ப் பிரச்சினை' என்பார். எந்த உயரத்தில் ஹோஸ் நிற்க வேண்டும் என்பது மேனுவலில் இருக்கும். அதைப் பார்த்துப் பொருத்துங்கள்.

ஃபுளோர் டிராப்பில் தண்ணீர் மேலே பொங்கினால் உங்கள் பம்ப் குற்றவாளியல்ல. அதை வீடியோ எடுத்து கஸ்டமரிடம் காட்டி, பிளம்பரைக் கூப்பிடச் சொல்லுங்கள். வந்ததற்கான செக்கிங் சார்ஜை வாங்கிக்கொள்ளுங்கள். செய்யாத வேலைக்குக் காசு வாங்காதீர்கள். செய்த டயக்னோஸிஸுக்குக் காசு வாங்காமல் வராதீர்கள்.

டிரம்மின் அடியிலிருந்து பம்ப்புக்கு வரும் தடித்த ரப்பர் ஹோஸையும் அமுக்கிப் பாருங்கள். குழந்தையின் சாக்ஸ் அங்கே போய்ச் சுருண்டிருக்கும். பம்ப்பை மாற்றியும் தண்ணீர் போகாத பல கேஸ்களில் மிச்சமிருப்பது இதுதான்.

7. மீட்டர் பேசட்டும்

அடைப்பு இல்லை, இம்பெல்லர் சரி, ஆனாலும் ஓடவில்லை. இப்போதுதான் மல்டிமீட்டர். பிளக் கழற்றிய நிலையில் பம்ப் கனெக்டரைப் பிடுங்கி இரண்டு முனைகளுக்கு நடுவில் ஓம்ஸ் பாருங்கள். 220-240 வோல்ட்டில் ஓடும் 30 வாட் சுற்றியுள்ள சின்க்ரோனஸ் பம்ப்பில் பொதுவாக 100 முதல் 200 ஓம்ஸ் வரை காட்டும். மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி. ஓபன் என்று காட்டினால் காயில் அறுந்தது. ஆனால் பம்ப் தொட்டால் சுடுகிற நிலையில் ஓபன் காட்டினால் அவசரப்படாதீர்கள். ஆறியதும் மறுபடி பாருங்கள். தெர்மல் கட்-அவுட் திரும்பச் சேர்ந்திருக்கும்.

அடுத்து ஒரு முனைக்கும் பம்ப்பின் இரும்புத் தகட்டுக்கும் நடுவில் பாருங்கள். அங்கே எந்த ரீடிங்கும் வரக்கூடாது. சில புது மாடல்களில் பம்ப்புக்கு மூன்று வயர் போகும். அது வேறு வகை மோட்டார். அங்கே மூன்று ஜோடிகளிலும் ஒரே அளவு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

காயில் சரியாக இருந்து, டிரெயின் நேரத்தில் பம்ப்புக்கு வோல்டேஜ் வரவில்லை என்றால் வயரிங்கிலோ போர்டிலோ பிரச்சினை. ஓடும் மெஷினில் வோல்டேஜ் பார்ப்பது, முறையாகப் பயிற்சி எடுத்து, இன்சுலேட்டட் கிளிப் லீட் வைத்துச் செய்கிற வேலை. ஈரத் தரையில் குந்தியபடி வெறும் புரோபைக் குத்துகிறவரிடம் வேலை கற்றுக்கொள்ளாதீர்கள்.

போர்டில் பம்ப்பை ஆன் செய்வது பெரும்பாலும் ஒரு சின்ன ட்ரையாக். பம்ப் காயில் ஷார்ட் ஆனால் அது ட்ரையாக்கையும் எரித்துவிடலாம். போர்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பம்ப்பை அப்படியே விட்டால் புது போர்டும் முதல் டிரெயினிலேயே போகும். போர்டு விலை என்ன, பம்ப் விலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். போர்டை மாற்றும் முன் பம்ப்பை அளக்காதவர் கையிலிருந்து போர்டு காசு போடுவார்.

8. மாற்றும் வேலை

இது இருப்பதிலேயே சுலபமான பகுதி. கனெக்டரையும் ஹோஸ்களையும் போட்டோ எடுங்கள். மெஷினின் அடி வழியாகவோ, முன் பேனலைக் கழற்றியோ பம்ப்பை அடையலாம், மாடலைப் பொறுத்தது. மெஷினைச் சாய்க்க வேண்டுமென்றால் தனியாகச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் கான்கிரீட் வெயிட் சேர்ந்து அது உங்களைவிடக் கனமாகக்கூட இருக்கும்.

பல பம்ப்கள் மூன்று ஸ்க்ரூவில் நிற்கும். சில ஒரு லாக்கை அழுத்தித் திருப்பினால் கழன்று வரும். பல மாடல்களில் ஃபில்டர் ஹவுஸிங் மெஷினிலேயே இருக்க, மோட்டார் பகுதி மட்டும் வரும். இத்தாலியின் அஸ்கோல் நிறுவனம் செய்கிற பம்ப் பல பிராண்டுகளுக்குள் இருக்கிறது. அதனால் மெஷினின் பெயரைவிட பம்ப்பின் மேல் அச்சிட்ட நம்பரைப் பார்த்து வாங்குங்கள். ஸ்க்ரூ எண்ணிக்கை, கனெக்டர் திசை, முனைகளின் இடைவெளி மூன்றும் பொருந்த வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால் லேபிளைப் படியுங்கள். 110 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் பம்ப் இங்கே உதவாது.

ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தைத் துடைத்து, புது ஓ-ரிங் முறுக்கில்லாமல் படிந்ததா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு முடி அங்கே ஒட்டியிருந்தால் சொட்டும். ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிளாஸ்டிக் திரெட் ஒருமுறை போனால் போனதுதான்.

டெஸ்ட்டை அவசரமாக முடிக்காதீர்கள். தண்ணீர் நிரப்பி, டிரெயின், மறுபடி நிரப்பி, டிரெயின், பிறகு ஸ்பின். அடியில் ஒரு காய்ந்த டிஷ்யூ பேப்பரை விரித்து வையுங்கள். ஸ்பின் முடிந்து அதில் ஒரு பொட்டு ஈரம் இல்லை என்றால் வேலை முடிந்தது. அந்தப் பேப்பரை கஸ்டமரிடமே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

9. காசு, பேப்பர், பெயர்

மெஷினைத் திறக்கும் முன் விலையை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்: செக்கிங் எவ்வளவு, பார்ட் எவ்வளவு, லேபர் எவ்வளவு, எத்தனை நாள் வாரண்டி. வாயால் சொன்ன விலை சண்டையில் முடியும். இங்கே ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனலில் 20,000 வெள்ளி வரையிலான தகராறை வக்கீல் இல்லாமலே கொண்டுபோக முடியும் என்பது கஸ்டமருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். எழுத்து இருவரையும் காக்கும்.

"டென் இயர்ஸ் வாரண்டி ஸ்டிக்கர் இருக்கே?" என்பார்கள். அது பெரும்பாலும் டிரம்மைச் சுற்றும் பெரிய மோட்டாருக்கு மட்டும். பம்ப்புக்குப் பொருந்தாது. பணிவாக, வாரண்டி கார்டைத் திறந்து அந்த வரியைக் காட்டிச் சொல்லுங்கள். ஆனால் மெஷின் இன்னும் முழு வாரண்டியில் இருந்தால் நீங்கள் தொடாதீர்கள்; கம்பெனிக்கு போன் போடச் சொல்லிவிட்டு வாருங்கள். அன்றைக்கு ஒரு வேலை போகும். அந்த வீட்டிலிருந்து பின்னால் வருகிற போன்கள் அதை ஈடு கட்டும்.

கழற்றிய பம்ப்பை கஸ்டமர் கையில் கொடுத்து, உடைந்த இடத்தைக் காட்டுங்கள். டெஸ்ட் சைக்கிள் ஓடும்போதுதான் கூகுள் ரிவ்யூ கேட்கச் சரியான நேரம். பேமென்ட் ஆனபிறகு கேட்டால் மறந்துவிடுவார்கள்.

பழைய மெஷினில் பம்ப்போடு பேரிங்கும் போர்டும் சேர்ந்து போயிருந்தால் "மாத்திடுங்க" என்று நேராகச் சொல்லுங்கள். அரசு தரும் கிளைமேட் வவுச்சரைக் கையில் வைத்திருப்பவர் எப்படியும் புது மெஷின் பக்கம் சாய்வார். புதுசு டெலிவரி செய்யும் கடை பழையதை இலவசமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி 2021 ஜூலை 1 முதல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அந்தத் தகவலைச் சொன்னவரின் நம்பரைத்தான் அடுத்த முறை அவர்கள் தேடுவார்கள்.

10. கற்றுக்கொள்ள எங்கே போவது

கையில் ஒன்றும் தெரியாதவர், வீட்டுப் பொருளைத் தூக்கி எறியாமல் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ரிப்பேர் கோப்பித்தியாம் மாதிரி இடத்தில் ஆரம்பிக்கலாம். சஸ்டெய்னபிள் லிவிங் லேப் 2014-ல் தொடங்கிய முயற்சி அது. அதன் பின்னால் இருந்தவர்களில் நம் வீரப்பன் சுவாமிநாதனும் ஒருவர். அங்கே வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். ஃபேனும் ரைஸ் குக்கரும்தான் வரும். பரவாயில்லை. மீட்டர் பிடிக்கவும், பொருளின் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நிதானமாகக் கழற்றவும் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

முறையான படிப்பு வேண்டுமென்றால் ஐடிஇ காலேஜ் வெஸ்ட் சுவா சூ காங்கில், புக்கிட் பாத்தோக்கிலிருந்து எம்ஆர்டியில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 25 வயதிலிருந்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் உண்டு. 40 வயதை எட்டியவர்களுக்கு 2024 மே மாதம் கூடுதலாக 4,000 வெள்ளி சேர்ந்தது. குறிப்பிட்ட கோர்ஸ்களுக்கு மட்டும் செல்லும். அதை சும்மா வைத்திருந்து வீணாக்காதீர்கள்.

மீட்டரும் டூல்ஸும் வாங்க ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் போகிறவர்கள் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் வரை நடந்து வாருங்கள். முதல் மீட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். கேட் 3 ரேட்டிங் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

வேன் ஓட்ட கிளாஸ் 3 லைசென்ஸ் இருந்தால் உங்கள் சம்பளப் பேச்சே வேறு. புக்கிட் பாத்தோக் டிரைவிங் சென்டர் இதே பேட்டையில்தான் இருக்கிறது; முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள். ஹெல்ப்பராகப் பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கும், தனியாக வேன் எடுத்துப் போய் வேலையை முடிக்கிறவருக்கும் இடையில் நிற்பது பல சமயம் இந்த ஒரு கார்டுதான்.

ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு அழுத்தமாகச் சொல்கிறேன். பெர்மிட்டில் உள்ள முதலாளியைத் தவிர வேறு யாருக்கும், உங்களுக்காகவே என்றாலும், வார இறுதியில் ரிப்பேர் செய்து காசு வாங்குவது சட்டவிரோதம். மனிதவள அமைச்சு கண்டுபிடித்தால் பெர்மிட் போகும், திரும்பி வரவும் வழி அடைபடும். நூறு வெள்ளி சைட் ஜாபுக்கு அந்த ரிஸ்க் வேண்டாம். உங்கள் கம்பெனிக்குள்ளேயே மெஷின் டீமுக்கு மாறக் கேளுங்கள். ஊருக்குத் திரும்பினால் இதே திறமைக்குத் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் வேலை இருக்கிறது.

11. லாக்புக் எழுதுங்கள், அதை விற்றுக்காட்டுங்கள்

ஒவ்வொரு டிரெயின் கம்ப்ளெய்ன்ட்டுக்கும் ஒரு வரி: தேதி, மாடல், கோடு, கேட்ட சத்தம், ஓம்ஸ் ரீடிங், உண்மையான காரணம், போட்ட பார்ட், திரும்பக் கூப்பிட்டார்களா. கஸ்டமரின் பெயரும் வீட்டு நம்பரும் அதில் வேண்டாம். சில மாதங்களில் உங்களிடம் எந்த சர்டிஃபிகேட்டிலும் இல்லாத தகவல் சேர்ந்திருக்கும்: எந்த மாடலில் பம்ப் அடிக்கடி போகிறது, எந்தக் கேஸ்களில் பம்ப்பே மாற்றத் தேவைப்படவில்லை, வேனில் எந்த மூன்று பம்ப்பை எப்போதும் வைத்திருக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தை இன்டர்வியூவுக்கு எடுத்துப் போங்கள். "நான் கடின உழைப்பாளி" என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்து, "இந்தக் கேஸில் இதுக்கு முன்னாடி வந்தவர் போர்டு மாத்தச் சொல்லியிருக்கார், நான் பம்ப் காயில் அளந்து ஷார்ட்னு கண்டுபிடிச்சேன்" என்று காட்டுங்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் என்றால் வருட முடிவில் மேனேஜரிடம் திரும்பக் கூப்பிட்ட கேஸ்களின் எண்ணிக்கையைக் காட்டிச் சம்பளம் கேளுங்கள். ரிட்டர்ன் விசிட் ஒவ்வொன்றும் கம்பெனிக்கு வேன், பெட்ரோல், பார்க்கிங், ஒரு ஆளின் அரை நாள். அதைக் குறைத்தவர் நீங்கள் என்று எழுத்தில் நிரூபிக்க முடிந்தால் பேரம் உங்கள் பக்கம் திரும்பும். கேட்கும்போது சம்பளத்தோடு நிறுத்தாமல், போர்டு ரிப்பேர் ட்ரெய்னிங்குக்கு அனுப்பவும் கேளுங்கள். உங்கள் டீமில் அதை வேறு யாரும் கேட்பதற்கு முன்.